சேவ் ஆகாத பாதைகள்

எக்சைட்பைக் விளையாட்டில் ‘டிசைன்’ என்று ஒரு பகுதி உண்டு. பைக் ஓடுகிற பாதையை நாமே போட்டுக்கொள்ளலாம். ஏ முதல் எஸ் வரை எழுத்துகள். ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு மேடு, ஒரு சரிவு, சக்கரத்தைப் பிடித்து இழுக்கும் சேறு, ஆளைக் கவிழ்க்கும் தடுப்பு. 1995 கோடை விடுமுறையில் நானும் அண்ணனும் ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து ஒரு பாதை போட்டோம். வரிசையாக மூன்று பெரிய மேடு, இறங்கிய கையோடு சேறு. ஓட்டுகிறவன் அழ வேண்டும் என்பதுதான் திட்டம். முடித்ததும் பட்டியலில் இருந்த ‘சேவ்’ என்ற சொல்லை அமுக்கினோம். அப்பா செய்தி பார்க்க வந்தார், டிவியை விட்டுக்கொடுத்தோம். மறுநாள் காலை போட்டுப் பார்த்தால் பாதையைக் காணோம்.

மூன்று நாள் விடாமல் முயன்றோம். “டூப்ளிகேட் கேசட்டுடா, அதான் சேவ் ஆகல” என்று அண்ணன் தீர்ப்பு சொன்னான். டூப்ளிகேட்தான், சந்தேகமில்லை. சென்னைக்குப் போன மாமா பர்மா பஜாரில் வாங்கி வந்த பெயரில்லாத பெட்டி, கூடவே ‘64 இன் 1’ என்று அட்டையில் போட்ட ஒரு மஞ்சள் கேசட். 64 என்று போட்டிருந்தாலும் எண்ணிப் பார்த்தால் இருபதுதான் தேறும். மிச்சமெல்லாம் அதே மரியோ, அதே கான்ட்ரா, வேறு வேறு பெயரில். ஓடாவிட்டால் கழற்றி வாயால் ஊதிவிட்டுத் திரும்பச் சொருக வேண்டும்.

ஆனால் சேவ் ஆகாததற்கு அந்த மஞ்சள் கேசட் காரணமில்லை என்று பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது. 1984-இல் நின்டெண்டோ இந்த விளையாட்டை ஜப்பானில் வெளியிட்டபோது, போட்ட பாதையைச் சேமிக்க டேட்டா ரெக்கார்டர் என்று தனியாக ஒரு கருவி விற்றது. நாம் பாட்டுக் கேட்ட அதே ஆடியோ கேசட்டில் பாதையைப் பதிவு செய்யும் டேப் ரெக்கார்டர். அந்தக் கருவி கடல் தாண்டி வரவில்லை. அமெரிக்கப் பதிப்பின் கையேட்டிலேயே, சேவ், லோடு இரண்டும் இந்த விளையாட்டில் இயங்காது, பின்னால் வரக்கூடியவற்றுக்காகப் போட்டு வைத்திருக்கிறோம் என்று எழுதியிருந்தார்கள். கம்பெனி விற்ற அசல் கேசட்டிலும் பாதை நிற்காது. கருவி ஜப்பானிலேயே தங்கிவிட்டது. சேவ் என்ற சொல் மட்டும் உலகம் சுற்றி எங்கள் வீட்டு டிவி வரை வந்துவிட்டது.

அந்தப் பொத்தான் வேலை செய்வதை நான் முதலில் பார்த்தது 2010 டிசம்பரில், நியூஜெர்சியில், அண்ணன் வீட்டு வரவேற்பறையில். அவன் வாங்கி வைத்திருந்தது நின்டெண்டோவின் ‘வீ’ கன்சோல். அதற்குள்ளேயே ஒரு கடை இருந்தது. ஐந்து டாலருக்கு எக்சைட்பைக்கை டவுன்லோடு செய்திருந்தான். வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்க, இரண்டு நடுவயதுக்காரர்கள் தரையில் உட்கார்ந்து நினைவிலிருந்து அந்தப் பாதையை மறுபடி போட்டோம். மூன்று மேடு, சேறு. சேவ் அமுக்கினோம். பெட்டியை அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டோம். பாதை இருந்தது. பெட்டியின் நினைவகத்தில் அது பதிந்துவிட்டது.

அந்தக் கடை இன்று இல்லை. 2019 ஜனவரி 30-ஆம் தேதி மூடிவிட்டார்கள். அது மூடியபோது எது போயிற்று, எது தப்பித்தது என்பதைப் பார்த்தால், நாம் பொதுவாக நினைப்பதற்கு நேர் எதிராக இருக்கிறது. இந்தக் கட்டுரையே அதைப் பற்றித்தான்.

கடையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ‘வீ’ 2006 நவம்பர் 19 அன்று அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. கையை வீசி டென்னிஸ் ஆடும் பெட்டியாகத்தான் அதை எல்லோருக்கும் நினைவிருக்கும். ஆனால் அதற்குள்ளிருந்த கடையில் ‘வர்ச்சுவல் கன்சோல்’ என்று ஒரு பிரிவு. பழைய விளையாட்டுகள் அங்கே. முதல் தலைமுறை நின்டெண்டோ விளையாட்டுக்கு 500 பாயிண்ட், சூப்பர் நின்டெண்டோவுக்கு 800, நின்டெண்டோ 64-க்கு 1,000. நூறு பாயிண்ட் ஒரு டாலர். வேடிக்கை என்னவென்றால், 1990-களில் நின்டெண்டோவோடு தெருவில் இறங்கிச் சண்டை போட்ட சேகாவின் விளையாட்டுகளும் அதே அலமாரியில் இருந்தன. சோனிக்கும் மரியோவும் பக்கத்துப் பக்கத்தில் 800-க்கும் 500-க்கும். நியோ ஜியோ, டர்போகிராஃபிக்ஸ், கமடோர் 64 என்று, செத்துப்போன கன்சோல்களின் கணக்கும் அங்கே ஓடியது. ஏதாவது வாங்கினால் டவுன்லோடு ஆகும்வரை திரையில் குட்டி மரியோ ஓடிக்கொண்டே காசு பொறுக்குவான். காத்திருப்பது அலுக்காது. அந்தக் கடைக்குள் ஒலித்த துள்ளலான இசையை இன்றும் இளைஞர்கள் வீடியோக்களில் போட்டுக் கிண்டலடிக்கிறார்கள். கடை போய், மெட்டு மட்டும் தங்கிவிட்டது.

பழைய விளையாட்டு புதிய பெட்டியில் ஓடுவதில் மாயம் ஒன்றுமில்லை. பழைய சில்லு என்ன செய்யுமோ அதை அப்படியே நடிக்கிற ஒரு நிரல். அதன் பெயர் எமுலேட்டர். அதற்குள் பழைய கேசட்டின் தரவைப் போட்டால் அது தன்னை 1985 மாடல் பெட்டி என்றே நம்பிக்கொண்டு ஓடும். அந்தத் தரவு எத்தனை பெரியது தெரியுமா? முதல் சூப்பர் மரியோ பிரதர்ஸ் முழுவதும் 40 கேபி. எக்சைட்பைக் 24 கேபி. வாட்ஸ்ஆப்பில் பெரியப்பா அனுப்பும் காலை வணக்கப் படம் இதைவிடப் பெரிது.

இதில் ஒரு கிளைக்கதை. பழைய விளையாட்டுகளைத் தேடித் தேடிச் சேர்க்கும் ஃபிராங்க் சிஃபால்டி என்ற அமெரிக்கர், 2016-இல் விளையாட்டு உருவாக்குபவர்களின் மாநாட்டில் பேசும்போது ஒன்றைக் காட்டினார். நின்டெண்டோ தன் கடையில் விற்ற சூப்பர் மரியோ கோப்பின் தலைப்பகுதியில், ‘ஐநெஸ்’ என்ற குறி இருந்தது. 1990-களில் மராட் ஃபய்சூலின் என்பவர் தன் எமுலேட்டருக்காக உருவாக்கிய வடிவம் அது. நின்டெண்டோ இணையத்திலிருந்து எடுத்ததா, தானே அந்த வடிவத்தில் அடைத்ததா என்று அடிதடியே நடந்தது. எப்படி வந்திருந்தாலும் எனக்குக் கவலையில்லை. எமுலேட்டர் என்றாலே திருட்டு என்று கம்பெனி மேடை போட்டுச் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், ஆர்வலர்கள் பொழுதுபோக்காகச் செய்து வைத்த அச்சில்தான் கம்பெனியின் சரக்கும் வந்தது.

டவுன்லோடு என்பதே 2006-இல் பிறந்ததும் இல்லை. 1986 பிப்ரவரியில் நின்டெண்டோ ஜப்பானில் டிஸ்க் சிஸ்டம் என்ற ஒன்றை விட்டது. காலி டிஸ்க்கோடு கடைக்குப் போனால், அங்கே நிற்கும் இயந்திரம் 500 யென்னுக்கு ஒரு புது விளையாட்டை எழுதிக் கொடுக்கும், பழையது அழிந்துவிடும். சைக்கிள் கடையில் காற்றடிப்பது மாதிரி. அமெரிக்காவில் 1994 முதல் 1998 வரை சேகா, கேபிள் டிவி வழியாக மாதச் சந்தாவுக்கு விளையாட்டு அனுப்பியது. ஜப்பானில் 1995 முதல் 2000 வரை செயற்கைக்கோள் வழியாகவே சூப்பர் ஃபேமிகாமுக்கு (சூப்பர் நின்டெண்டோவின் ஜப்பானியப் பெயர்) விளையாட்டுகள் ஒளிபரப்பாயின. நேரம் பார்த்து உட்கார்ந்தவர்களுக்குக் கிடைத்தது. நிறுத்திய பிறகு, வீடுகளில் கிடந்த நினைவுப் பொதிகளை ஏலத்தில் வாங்கி, ஒவ்வொன்றாகத் துருவித்தான் ஆர்வலர்கள் அந்த ஒளிபரப்பின் துண்டுகளை மீட்டார்கள். அப்போதே தெரிந்திருக்க வேண்டிய பாடம்.

சரி, கடைக்குத் திரும்புவோம். 2008 மார்ச்சில் ஜப்பானிலும் மே மாதம் மற்ற நாடுகளிலும் அதே கடையில் இன்னொரு அலமாரி திறந்தது: ‘வீவேர்’. இது புது விளையாட்டுகளுக்கு. டப்பா கிடையாது, டிஸ்க் கிடையாது, டவுன்லோடு மட்டும். ஒரு விளையாட்டு சுமார் 40 எம்பியைத் தாண்டக் கூடாது. பெட்டிக்குள் இருந்த இடமே மொத்தம் 512 எம்பிதான். 2009 மார்ச் வரை எஸ்டி கார்டிலிருந்து நேரடியாக ஓட்டவும் முடியாது. இடம் நிரம்பிவிட்டால் புதிதாக ஒன்றை வைக்கப் பழையது ஒன்றை அழிக்க வேண்டியிருக்கும். வீட்டில் ஒரே ஒரு பீரோ இருக்கிற குடும்பத்தின் நிலைமை.

அந்த நெருக்கடிதான் நல்ல சில விளையாட்டுகளைத் தந்தது என்று எனக்குப் படுகிறது. பெரிய கம்பெனி ஒன்றில் வேலையை விட்டு வந்த கைல் கேப்லர், ரான் கார்மல் என்ற இரண்டு பேர் சேர்ந்து செய்த ‘வேர்ல்டு ஆஃப் கூ’ 2008 அக்டோபரில் வந்தது. பிசுபிசுவென்று கண் உள்ள கருப்பு உருண்டைகளை ஒன்றோடொன்று ஒட்டிப் பாலம் கட்டுவதுதான் வேலை. கட்டினால் ஆடும், அதிகம் வைத்தால் சரியும். அதைவிட எளிமையாகச் சொல்லவும் முடியாது. ஆடினால் கீழே வைக்கவும் முடியாது. அதே ஆண்டு கேப்காம், புது விளையாட்டான ‘மெகாமேன் 9’-ஐ வேண்டுமென்றே 1987 பாணியில் செய்தது. பழைய பெட்டி ஒரே கிடைவரிசையில் எட்டு உருவங்களுக்கு மேல் காட்ட முடியாது. மீறினால் உருவம் மினுக் மினுக்கென்று மின்னும். அந்த மின்னலையும் ஒரு விருப்பத் தேர்வாகச் சேர்த்திருந்தார்கள். குறையைக்கூட நினைவுப் பரிசாக்கி விற்கிற தைரியம்.

எல்லோருக்கும் அந்த நெருக்கடி ஒத்துவரவில்லை. ‘சூப்பர் மீட் பாய்’ விளையாட்டு வீவேருக்கென்று அறிவிக்கப்பட்டு, 40 எம்பிக்குள் அடங்காமல் கைவிடப்பட்டு, எக்ஸ்பாக்ஸ் பக்கம் போய் அங்கே பேர் வாங்கியது. குறிப்பிட்ட எண்ணிக்கை விற்றால்தான் செய்தவர்களுக்குப் பணம் என்று ஒரு நிபந்தனையும் இருந்தது. சின்னக் கைகள் பல அதில் அடிபட்டன.

2018 மார்ச் 26-க்குப் பிறகு கடையில் பாயிண்ட் போட முடியாது என்று அறிவித்தார்கள். பத்து மாதம் கழித்து ஷட்டரையே இறக்கினார்கள். ஏற்கெனவே வாங்கியதைத் திரும்ப இறக்கலாம், அதுவும் ஒருநாள் நிற்கும் என்றார்கள். 2022 மார்ச்சில் அந்தச் சேவையும் திடீரென்று படுத்தது. அவ்வளவுதான் என்று எல்லோரும் நினைத்தபோது ஜூலையில் எழுந்தது. அடுத்த தலைமுறையான ‘வீ யூ’, 3டிஎஸ் கன்சோல்களின் கடைகள் 2023 மார்ச் 27-இல் மூடின. எக்ஸ்பாக்ஸ் 360 கடை 2024 ஜூலை 29-இல். சோனி 2021-இல் பிளேஸ்டேஷன் 3, வீட்டா கடைகளை மூடப்போவதாகச் சொல்லி, வாடிக்கையாளர்கள் கூச்சல் போட்டதும் மூன்றே வாரத்தில் பின்வாங்கியது. அந்த ஷட்டர் இப்போதைக்கு முக்கால்வாசி திறந்திருக்கிறது.

இனி நான் சொல்ல வந்தது. கடை மூடினால் பழைய விளையாட்டுகளுக்கு ஆபத்து என்றுதான் எல்லோரும் பேசினார்கள். பழையவற்றுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. எக்சைட்பைக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1984-இன் எக்சைட்பைக் இன்றும் கிடைக்கிறது. நின்டெண்டோ ஸ்விட்ச்சின் சந்தா சேவை 2018 செப்டம்பரில் தொடங்கியபோதே முதல் பட்டியலில் இருந்தது. எத்தனையோ வீடுகளின் பரணில், அசலோ டூப்ளிகேட்டோ, கேசட்டாகவும் கிடக்கிறது. ஆனால் 2009-இல் வீவேருக்கென்றே ‘எக்சைட்பைக்: வேர்ல்டு ரேலி’ என்று ஒன்று வந்தது. நம் மாதிரி ஆட்களுக்காகவே செய்த விளையாட்டு. பாதை போடும் வசதி அதிலும் இருந்தது. இணையம் வழியாக வெளியூர்க்காரனோடு பந்தயமும் ஓட்டலாம். 2014 மே மாதம் இணைய வசதியை நிறுத்தினார்கள், பந்தயம் போயிற்று. 2019-இல் கடையை மூடினார்கள், விளையாட்டே போயிற்று. இன்று அதைக் காசு கொடுத்து வாங்க உலகில் ஓர் இடமில்லை.

கான்ட்ராவும் அப்படியே. முப்பது உயிர் வாங்க மேலே மேலே கீழே கீழே அமுக்கிய அந்தக் கான்ட்ரா, 2019-இல் வந்த தொகுப்பில் கிடைக்கிறது. 2009-இல் அதே கொனாமி, எம்2 என்ற கெட்டிக்கார நிறுவனத்தைக் கொண்டு செய்த ‘கான்ட்ரா ரீபர்த்’ கிடைக்காது. அதன் கூடப் பிறந்த ‘கிராடியஸ் ரீபர்த்’, ‘காசில்வேனியா ரீபர்த்’ இரண்டுக்கும் அதே கதி. மறுபிறப்பு என்று பேர் வைத்தவற்றுக்கு ஒரே பிறப்புதான் வாய்த்தது. வீவேரின் முதல் நாளிலேயே வந்த ‘மை லைஃப் அஸ் எ கிங்’ விளையாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஃபைனல் ஃபேண்டசி பரம்பரையில் வந்தது. ஆனால் நீங்கள் போருக்குப் போக மாட்டீர்கள். சிறுவன் ராஜா நீங்கள். ஊரைக் கட்டுவீர்கள், காலையில் சாகசக்காரர்களை அனுப்புவீர்கள், சாயங்காலம் அவர்கள் திரும்பி வந்து என்ன நடந்தது என்று சொல்வதைக் கேட்பீர்கள். போரை ஊருக்குள் உட்கார்ந்து வாய்வழிச் செய்தியாக மட்டும் கேட்கிற விளையாட்டு. அப்படி யோசித்த ஆளைக் கும்பிட வேண்டும். அந்த ஊரும் ராஜாவும் 2019-க்குப் பிறகு புதிதாக யாருக்கும் கிடைக்கவில்லை.

காரணம் எளிது. பழையது கேசட்டாகப் பிறந்தது. கம்பெனி மறந்தாலும் பரண் மறக்கவில்லை. புதியது கடைக்குள்ளேயே பிறந்தது. கடையைத் தாண்டி அதற்கு உடம்பே இல்லை. டவுன்லோடு செய்தவரின் பெட்டியில் இருக்கிறது, ஆனால் அந்தப் பெட்டியோடு கட்டிப்போட்டு இருக்கிறது. அண்ணன் வீட்டுக் கீழறையில் அந்த வெள்ளைப் பெட்டி இன்னும் ஓடுகிறது. எங்கள் பாதையும் அதில் இருக்கிறது. அதை அவன் யாருக்கும் விற்கவோ இரவல் கொடுக்கவோ வேண்டுமானால் பெட்டியையே தூக்கிக் கொடுக்க வேண்டும்.

வேர்ல்டு ஆஃப் கூ தப்பித்ததே, மெகாமேன் 9 தப்பித்ததே என்று கேட்கலாம். முன்னதன் உரிமை செய்தவர்களிடமே இருந்தது. கணினிக்கும் கைப்பேசிக்கும் பின்னால் ஸ்விட்ச்சுக்கும் இடுப்பில் தூக்கிக்கொண்டே நடந்தார்கள். பின்னதை 2017-இல் கேப்காம் ஒரு தொகுப்பில் சேர்த்தது, விற்கும் என்று தோன்றியதால். ஆக, உரிமைக்காரர் கவலைப்பட்டால் பிழைக்கும், இல்லாவிட்டால் இல்லை. ஒரு நல்ல படைப்பு நிற்பதும் போவதும் ஒரு கம்பெனியின் காலாண்டுக் கணக்கில் தொங்குகிறது.

2023-இல் சிஃபால்டியின் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் ஓர் ஆய்வு வெளியிட்டது: அமெரிக்காவில் வெளியான பழைய விளையாட்டுகளில் 87 சதவீதம் இன்று கடையில் கிடைப்பதில்லை. அமெரிக்க மௌனப் படங்களில் 14 சதவீதம்தான் எஞ்சியிருக்கிறது என்பதோடு அதை ஒப்பிட்டார்கள். ஒப்பீடு கொஞ்சம் இழுத்துப் பிடித்ததுதான். மௌனப் படம் என்றால் பிரதியே இல்லை. நம் தென்னிந்தியாவின் முதல் மௌனப் படமான நடராஜ முதலியாரின் ‘கீசக வத’த்தை இனி யாராலும் பார்க்க முடியாது. விளையாட்டுகள் அப்படி அழிந்துவிடவில்லை, வாங்கத்தான் முடியவில்லை. ஆனால் வாங்க வழியில்லாத ஒன்றைப் பார்க்க விரும்புகிறவர் எங்கே போவார்? பர்மா பஜாருக்குத்தான். இப்போது அந்த பஜார் இணையத்தில் இருக்கிறது. வீவேர் விளையாட்டுகளை யாராவது எதிர்காலத்தில் ஆராய முடியுமென்றால், சட்டத்தை மீறி நகலெடுத்து வைத்த முகம் தெரியாதவர்களால்தான். திருட்டுக்கு வக்காலத்து வாங்கவில்லை. செய்தவனுக்குச் சேர வேண்டிய காசு சேர வேண்டும். ஆனால் காசு வாங்க ஆளே இல்லாத கடை வாசலில் நின்றுகொண்டு திருடாதே என்பதில் என்ன பொருள்?

கம்பெனி பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. பன்னிரண்டு வருடப் பழைய பெட்டியில் கிரெடிட் கார்டு எண்ணை வாங்கிப் பாதுகாப்பது சுலபமில்லை. பாட்டுக்கும் பெயருக்கும் வாங்கிய உரிமம் காலாவதியாகும். பத்து பேர் வரும் கடைக்கு எத்தனை நாள் விளக்குப் போட்டு வைப்பது? மூடட்டும். எந்தக் கடையும் நிரந்தரமில்லை. ஆனால் புத்தகக் கடை மூடினால் புத்தகம் நூலகத்தில் இருக்கும், பழைய புத்தகக் கடையில் இருக்கும், இரவல் வாங்கித் திருப்பித் தராத நண்பன் வீட்டிலாவது இருக்கும். இங்கே கடையையும் மூடுகிறார்கள், மற்ற எல்லாக் கதவையும் சட்டத்தால் சாத்துகிறார்கள். நூலகத்தில் சட்டபூர்வமாகச் சேமித்த பழைய விளையாட்டுகளை, ஆராய்ச்சியாளர்கள் தங்கள் ஊரிலிருந்தே தொலைவழியில் ஆடிப் பார்க்க அனுமதிக்க வேண்டும் என்று அமெரிக்காவில் கேட்டார்கள். விளையாட்டுக் கம்பெனிகளின் சங்கம் எதிர்த்தது. 2024 அக்டோபரில் பதிப்புரிமை அலுவலகம் மறுத்துவிட்டது. ஆராய்ச்சி என்ற பேரில் ஜாலியாக விளையாடிவிடுவார்களாம். நாவலை நூலகத்தில் யாரும் சந்தோஷத்துக்காகப் படிப்பதே இல்லை போலிருக்கிறது.

சந்தாதான் பதில் என்கிறார்கள் இப்போது. மாதம் கட்டு, எல்லாம் ஆடு. ஐந்து டாலர் கொடுத்து ‘வீ’யில் வாங்கிய அதே 40 கேபி மரியோவை ‘வீ யூ’வுக்கு மாற்ற இன்னொரு டாலர் கேட்டார்கள், அந்தக் கணக்கே தேவலை. அதிலாவது ஒருமுறை வாங்கினோம் என்ற மயக்கம் இருந்தது. அந்த மயக்கத்தைக் கலைக்கத்தான் கலிஃபோர்னியா 2024-இல் ஒரு சட்டம் போட்டது: உரிமம் மட்டும் கொடுக்கிற டிஜிட்டல் கடை, அதைச் சொல்லாமல் ‘வாங்கு’ என்று எழுதக் கூடாது. 2025 ஜனவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. நல்லதுதான். ஆனால் அது பலகையை மாற்றும் சட்டம். சரக்கைக் காப்பாற்றும் சட்டமில்லை.

நமக்கென்ன என்று தோன்றலாம். 2023 ஜூலை 31 அன்று ‘வெண்பா’ என்று ஒரு விளையாட்டு ஸ்விட்ச், எக்ஸ்பாக்ஸ், பிளேஸ்டேஷன், கணினி எல்லாவற்றுக்கும் டவுன்லோடாக வெளியானது. டொராண்டோவின் விசை கேம்ஸ் செய்தது. 1980-களில் கனடாவுக்குப் போன தமிழ்க் குடும்பம். வெண்பா, பாவலன், மகன் கவின். வெண்பா ஊரிலிருந்து கொண்டுவந்த சமையல் குறிப்பேடு கிழிந்து, மை அழிந்து கிடக்கிறது. அழிந்த வரியை ஊகித்து, எதற்குப் பின் எதைப் போடுவது என்று கண்டுபிடித்துச் சமைப்பதுதான் விளையாட்டு. இட்லித் தட்டின் ஓட்டைகளில் ஆவி எப்படி ஏறும் என்று தெரியாதவன் முதல் கட்டத்திலேயே தோற்பான். என் மனைவி மூன்று நிமிடத்தில் முடித்தாள். நான் தட்டுகளை ஒன்றன் மேல் ஒன்றாகத் தப்பாக அடுக்கிவிட்டு உட்கார்ந்திருந்தேன். 2024-இல் பாஃப்டாவின் சிறந்த அறிமுக விளையாட்டு விருது அதற்குக் கிடைத்தது. அழிந்த குறிப்பேட்டைக் காப்பாற்றும் கதையைச் சொல்கிற அந்த விளையாட்டை, ஐம்பது ஆண்டு கழித்து யார் காப்பாற்றி வைத்திருப்பார்கள்?

ஒரு தமிழ்ப் புத்தகத்துக்கு இந்தக் கேள்வி வராது. 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி, இந்தியாவில் அச்சாகும் ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு பிரதி நான்கு நூலகங்களுக்குப் போக வேண்டும். அதில் ஒன்று எழும்பூர் கன்னிமாரா. நாளிதழ்களையும் பிறகு சேர்த்தார்கள். இந்தக் கட்டுரை வரும் தாளும் அந்தக் கட்டில் போய்ச் சேரும். எனக்கு நான்கு பேர் பத்திரப்படுத்தும் வாய்ப்பு இருக்கிறது, கான்ட்ரா ரீபர்த்துக்கு இல்லை. ஜப்பானின் தேசிய டயட் நூலகம் 2000-ஆம் ஆண்டிலிருந்து டப்பாவில் வரும் விளையாட்டுகளையும் வாங்கி வைக்கிறது. நம் சட்டத்தில் மென்பொருள் எதற்கும் அப்படிக் கட்டாயமில்லை.

கட்டாயம் வேண்டாம், ஏதாவது ஒரு நூலகம் தானே முன்வந்து சேமிக்கட்டும் என்றால் அதற்கும் ஒரு முட்டுக்கட்டை. பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, எதெல்லாம் உரிமை மீறல் ஆகாது என்று பட்டியல் போடுகிறது. லாப நோக்கமற்ற பொது நூலகம் ஒரு படைப்பைப் பாதுகாப்பதற்காக மின்னணு முறையில் சேமித்து வைக்கலாம் என்று அதில் ஒரு கூறு உண்டு. ஒரே நிபந்தனை: அந்தப் படைப்பின் டிஜிட்டல் அல்லாத பிரதி ஒன்று நூலகத்திடம் ஏற்கெனவே இருக்க வேண்டும். செல்லரிக்கும் புத்தகத்தை ஸ்கேன் செய்வதை மனத்தில் வைத்து எழுதியது தெரிகிறது. டவுன்லோடாக மட்டும் வந்த விளையாட்டுக்கு அப்படியொரு பிரதி எங்கிருந்து வரும்? யோசித்துப் பார்த்தால் எங்கள் மஞ்சள் கேசட்கூட டிஜிட்டல்தான்.

‘டிஜிட்டல் அல்லாத’ என்ற அந்த இரண்டு சொற்களை எடுத்துவிட்டு, ‘சட்டப்படி பெற்ற’ என்று போட்டால் போதும். அந்தக் கூறு சட்டத்தில் சேர்ந்தது 2012-இல். வீவேர் கடை திறந்து அப்போதே நான்கு வருடம் ஆகியிருந்தது.